தெரியாது என்று சொல்லப் பழகியவர்கள்

யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் ஒரு சொல் நன்றாக வாயில் வரும்: தெரியாது. டெலிபோனில் யார் எடுத்து யாரைக் கேட்டாலும் தெரியாது. கதவைத் தட்டி மேல்மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாலும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் லண்டனுக்குப் போய்விட்டாரா, வவுனியாவுக்குப் போய்விட்டாரா, உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. மூன்றாம் வகுப்பில் படித்த என் மகளிடம் டெலிபோனில் "அம்மா நிக்கிறாவோ?" என்று கேட்டால், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "தெரியாது" என்பாள். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமை ஒருநாள் என் தலையிலேயே வந்து விழுந்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் எங்கள் அலுவலகம். வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களுக்கு உதவுவது எங்கள் வேலை. பெயர்ப்பலகை வைக்கவில்லை. கீழே கேட்டால், மேலே தையல் வகுப்பு நடக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் சொல்லுவார். அதற்காகவே ஒரு பழைய தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தோம். அதில் நூல் கோர்க்க எங்களில் ஒருவருக்கும் வராது. நாங்கள் சொன்ன தெரியாதுகளில் அது ஒன்றுதான் உண்மை.

வருகிறவர்களின் கதையைக் கேட்டு எழுதுவதும், ஆஸ்பத்திரி, பொலிஸ், கோர்ட் என்று கூட்டிக்கொண்டு போவதும் என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் கட்டை. இந்த வேலைக்கு இரண்டுமே கூடாது என்று எங்கள் தலைவி அடிக்கடி சொல்லுவார். சொல்லிவிட்டுக் கஷ்டமான ஆட்களை எல்லாம் என்னிடமே அனுப்புவார்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர். எங்களைப் போலவே அவரும் அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். இடது கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. நான் படிவத்தை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"ஐசி இருக்கோ, தங்கச்சி?"

"அவரிட்ட இருக்கு."

"வீட்டில வச்சிருக்கிறாரோ?"

"இல்லை அக்கா. அவற்றை சேர்ட் பொக்கற்றில."

அடையாள அட்டையைத்தான் அப்படிச் சொன்னாள். கொட்டாஞ்சேனைக்குக் கல்யாணம் செய்து வந்து மூன்று வருடம். அதற்கு முன்பு வவுனியாவில் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். கொழும்பில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை. அவளுடைய கணவனுக்குத் துறைமுகத்தில் சாமான் இறக்கி எடுத்துக்கொடுக்கும் ஒரு கம்பனியில் நல்ல உத்தியோகம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், வாயைத் திறந்தால் மரியாதை. வந்த முதல் வாரமே, "தொலைச்சுப் போடுவாய், நான் பத்திரமா வச்சிருக்கிறன்" என்று அட்டையை வாங்கித் தன் அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு அவள் அதைக் கண்ணால் காணவில்லை. அடி இரண்டாவது மாதம் தொடங்கியது. அவள் கடைசிவரை அவனை "அவர்" என்றுதான் சொன்னாள். எழுதுவது நான் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன்.

அவன் ஒருநாளும் கதவைப் பூட்டவில்லை. பூட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த வருடங்களில் அட்டை இல்லாத ஒரு தமிழ்ப் பெண் கொட்டாஞ்சேனைச் சந்தியைத் தாண்ட முடியாது. ஒருமுறை அவள் தாண்டிப் பார்த்தாள். சோதனைச் சாவடியில் மறித்து, பொலிசுக்குக் கொண்டுபோய், யார் நீ என்று விசாரித்து, கடைசியில் அவனுக்கே டெலிபோன் பண்ணினார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து அட்டையைக் காட்டி, நன்றி சொல்லி, அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனான். மற்றவனெல்லாம் பெண்டாட்டியைப் பூட்டி வைக்க ஆமைப்பூட்டு வாங்குவான். இவனுக்கு நாட்டின் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதுமே இலவசமாகக் காவல் இருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"அப்ப எப்பிடி சிஸ்டர் வெள்ளவத்தை வரைக்கும் கொண்டுவந்தீங்கள்?"

"மடத்து லெட்டர்ஹெட்ல கடிதம் எழுதினேன். எங்க ஸ்டாஃப், கையில அடி, டாக்டரிட்ட கூட்டிட்டுப் போறோம்னு."

"பொய்யோ?"

"விடிய வந்து ஒற்றைக் கையால ஆறு கோப்பை கழுவிச்சு. ஸ்டாஃப்தானே?"

வீட்டு வன்முறைக்கு எதிரான சட்டம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்த ஓர் இளம் சட்டத்தரணி, தெஹிவளை முஸ்லிம் பிள்ளை, அவளுக்காக மனுப் போட்டார். அவன் அவளுக்குக் கிட்ட வரக்கூடாது என்று இரண்டு வாரத்துக்கு இடைக்காலக் கட்டளை கிடைத்தது. இரண்டு வாரம் முடியும் வியாழக்கிழமை விசாரணை. அன்றைக்கு அவள் நீதவான் முன்னால் நிற்க வேண்டும். நின்றால் ஒரு வருடத்துக்குப் பாதுகாப்பும், அட்டையைத் திருப்பித் தரச்சொல்லி உத்தரவும் கேட்கலாம். நிற்காவிட்டால் மனு தள்ளுபடி, கட்டளை முடிவு. பிறகு எந்தச் சாவடியில் அவள் பிடிபட்டாலும் அவன்தான் வந்து கூட்டிக்கொண்டு போவான்.

இதில் நாலாவது ஆள் ஒருவர் உண்டு. எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் பெண்கள் முறைப்பாட்டுப் பிரிவில் இருந்த சார்ஜன்ட், சிங்களப் பெண். முறைப்பாட்டை ஒழுங்காகத்தான் எழுதினார். சட்டத்தரணியை வைத்து அவளுக்கு வரிக்கு வரி தமிழில் சொல்லி, அதற்குப் பிறகே கையெழுத்து வாங்கினார். இருந்தாலும் எனக்கு அவரைப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால், சீருடை என்பதற்கு மேல் என்னிடம் பதில் இருக்கவில்லை. சந்திக்கும்போது நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஆக, அவளைக் காப்பாற்ற நாலு இடம் இருந்தது. நாலு கோவை, நாலு அலுமாரி, நாலு திறப்பு. ஒருவர் கோவையில் என்ன இருக்கிறதென்று மற்றவருக்குத் தெரியாது.

அவளை முதலில் எங்கள் ஒழுங்கையிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியின் வீட்டில் விட்டேன். மூன்றாம் நாள் டெலிபோன் வரத் தொடங்கியது. முதலில் அவளுடைய வவுனியா அண்ணனாக ஒரு குரல். அடுத்த நாள் எலும்பு டொக்டராக அதே குரல். அதற்கடுத்த நாள் ஒரு பெண்குரல், "நான் கொட்டாஞ்சேனைச் சிஸ்டர் கதைக்கிறன், பிள்ளை எங்க?" என்றது. எங்கள் சிஸ்டர் "பேசுறேன்" என்பார், "கதைக்கிறன்" என்று சொல்ல மாட்டார். அவனுடைய அக்காவாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கைவரை மோப்பம் பிடித்துவிட்டான்.

அன்றைக்கே நான் ஒரு சட்டம் போட்டேன். டெலிபோனில் யார் கேட்டாலும் அவளைப் பற்றித் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். "கடவுளே எடுத்தாலும் தெரியாது" என்று தடித்த பேனையால் எழுதி டெலிபோனுக்கு மேலே ஒட்டினேன். சிஸ்டருக்கும் சட்டத்தரணிக்கும் ஆளனுப்பிச் சொன்னேன். சிஸ்டர் அதைச் சார்ஜன்டுக்கும் சொல்லியிருக்கிறார். அவளையும் உடனே இடம் மாற்றினோம். சட்டத்தரணி தெஹிவளையில் தனக்குத் தெரிந்த ஒரு மாமியின் வீட்டைச் சொன்னார், சிஸ்டர் மடத்து வானை அனுப்பினார். வான் போனபின் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பதுதான் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்க, திங்கட்கிழமை காலையில் சட்டத்தரணி எங்கள் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அக்கா, கோர்ட்டுக்கு முன்ன அவங்களோட இருந்து ஒருக்கா எல்லாம் பேசணும். எங்க ஈக்கிறாங்க?"

"என்னட்டக் கேக்கிறீர்? உம்மட தெஹிவளை மாமி வீட்டிலதானே?"

"மாமிக்குப் போன் எடுத்தேனே. அப்பிடி ஒருத்தரும் இங்க வரவே இல்லண்டு சொல்றாங்க. வான் அங்க போகாம சிஸ்டர் தன்ட இடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்களாக்கும் எண்டு நெனச்சேன்."

நான் சிஸ்டருக்கு எடுத்தேன். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்றார் சிஸ்டர், தேன் குரலில். "சிஸ்டர், நான்தான், வெள்ளவத்தை" என்றேன். "எந்த வெள்ளவத்தை?" என்று கேட்டு வைத்துவிட்டார். சார்ஜன்டுக்கும் வேண்டாவெறுப்பாக எடுத்தேன். "மம தன்னே நெ, மிஸ்" என்றார். அதே தெரியாதுதான், சிங்களத்தில். நான் போட்ட சட்டம் அவ்வளவு அழகாக வேலை செய்தது.

அடுத்த நாள் மட்டக்குளி பஸ்ஸைப் பிடித்து நானே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சட்டத்தரணியும் வந்தார். மடத்து வரவேற்பறையில் ஒரு பெரிய மேசை, அதன் தலைமாட்டில் சார்ஜன்ட் சீருடை இல்லாமல் ஒரு நீலச் சேலையில் இருந்தார்.

"இவவை ஆர் கூப்பிட்டது?" என்று தமிழில் கேட்டேன்.

"நான்தான்" என்றார் சிஸ்டர். "உக்காருங்க."

உட்கார்ந்ததும் ஒருவர் மேல் ஒருவர் பாயத் தொடங்கினோம். வான் ட்ரைவர் பிள்ளையைத் தெஹிவளையில் அந்த வீட்டு வாசலில் இறக்கியது சத்தியம் என்றார் சிஸ்டர். மாமி பொய் சொல்லுகிற ஆள் இல்லை என்றார் சட்டத்தரணி. அப்படியென்றால் பிள்ளை ஆவியாகிப் போய்விட்டதா என்று நான் கத்தினேன். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குரலைக் குறைத்தேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெண்ணைத் தொலைத்துவிட்டோம். அடித்தவன் செய்ய முடியாததை உதவி செய்தவர்கள் செய்துவிட்டோம். எனக்கு அழுகை முட்டியது. அதையும் கோபமாகவே காட்டினேன்.

அப்போது சார்ஜன்ட் தன் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து மேசையில் விரித்தார்.

அந்தக் கடதாசியை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இருக்கிறவர்களின் விபரத்தைப் பொலிசுக்குக் கொடுக்கும் பதிவுப் படிவம். ஒரு இரவு தங்க வருகிறவரின் பெயரையும் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் பிடிப்பார்கள். கொழும்புத் தமிழர்கள் அதை நிரப்பும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிரப்புவோம். எங்களுக்குப் பக்கத்துப் பாமன்கடை விலாசம். மூன்றாவதாக அவளுடைய பெயர். உறவுமுறை என்ற இடத்தில் விருந்தாளி. அடையாள அட்டை இலக்கம் பிழையில்லாமல் முழுதாக இருந்தது. கீழே பொலிஸ் நிலையத்தின் முத்திரை.

"உங்களுக்குத் தெரியும்!" என்றேன். "நேற்று போனில தெரியாது எண்டு சொன்னீங்கள்!"

"மிஸ், அது உங்க ரூல்ஸ்தானே" என்றார் சார்ஜன்ட், தன் தமிழில். "கடவுள் எடுத்தாலும் தெரியாது. நீங்க கடவுள் இல்ல தானே?"

சிஸ்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு சார்ஜன்ட் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் நடந்ததைச் சொன்னார். அந்த நிலையத்தில் அவளுடைய கணவனுக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். கணவனின் பேச்சைக் கேட்டு, அந்தச் சிநேகிதன் புதிதாக வரும் படிவங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாமன்கடைப் படிவம் வந்த அன்றே சார்ஜன்ட் அதற்கு முறைப்படி முத்திரை குத்திப் பதிந்துவிட்டு, கடதாசியைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்பது நாளாக வீட்டுக்கும் வேலைக்கும் அதைக் காவிக்கொண்டு திரிந்திருக்கிறார். நானோ அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடமே சொன்னேன். சார்ஜன்ட் என் கையைத் தட்டி, போதும் என்பதுபோல் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அந்த மேசையிலிருந்து எழும்ப முன்பு இரண்டு முடிவு எடுத்தோம். இனிமேல் ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு பேரும் நேரில் கூடுவது, நாலு கோவைக்குப் பதில் ஒரே கொப்பி, அது சிஸ்டரிடம் இருக்கும். இரண்டாவது, டெலிபோனில் நம்மாள்தானா என்று அறிய ஒரு கேள்வி. "இண்டைக்கு என்ன சமையல்?" என்று கேட்டால் "பூசணிக்காய்" என்று சொல்ல வேண்டும். சார்ஜன்டுக்கு அந்தச் சொல் வாயில் புரளவில்லை. அவருக்கு மட்டும் சிங்களத்தில் "வட்டக்கா" என்று விட்டுக்கொடுத்தோம்.

பிறகு பாமன்கடைக்கு ஓடினேன். விலாசத்தைத் தேடிப் போய் நின்ற இடத்தில் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று வரவில்லை. நான் தினமும் காலையில் இடியப்பம் வாங்கும் கடைக்கு மேல்மாடி. ஒன்பது நாளாக அவளுடைய காலுக்குக் கீழே நின்று சொதி கூட விடச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன். கதவைத் தட்டினேன். முக்காடு போட்ட ஓர் அம்மா சங்கிலியைக் கழற்றாமல் திறந்தார்.

"யாரு? அப்பிடி ஒருத்தரும் இங்க இல்ல. எங்களுக்குத் தெரியா."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. "மாமி, திறவுங்கோ. உது எங்கட அக்கா. அவட குரல் எனக்குக் காலமை காலமை கேக்கிறது."

நடந்தது இதுதான். அவள் தெஹிவளைக்குப் போன மறுநாளே, புதிதாக யாராவது குடிவந்தார்களா என்று ஒரு பெண் அந்த வீதியில் விசாரித்திருக்கிறாள். தெஹிவளை மாமி மலைக்கவில்லை. தன் மகளின் அபாயாவை அவளுக்குப் போட்டுத் தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டு, ஓட்டோவில் பாமன்கடையில் தன் நாத்தனாரான இந்த அம்மாவின் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்ததால், சட்டத்தரணிக்கும் சொல்லவில்லை. சட்டத்துக்குப் பயந்த நாத்தனார் அன்றைக்கே படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டார். அட்டை இல்லாமல் இலக்கம் எப்படி எழுதினீர்கள் என்று அவளைக் கேட்டேன்.

"அட்டைதான் அக்கா அவரிட்ட. நம்பர் என்ரை தலைக்குள்ள. மூண்டு வருசமா படுக்க முன்னம் ஒருக்காச் சொல்லிப்போட்டுத்தான் படுக்கிறனான்."

புதன்கிழமை பின்னேரம் அலுவலக டெலிபோன் அடித்தது. ஒரு கம்பீரமான ஆண்குரல். "நீதிமன்றத்திலயிருந்து கதைக்கிறன். நாளைக்கு உள்ள தவணை மாத்தியாச்சு. அந்தப் பெண்ணை வர வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

"நன்றி ஐயா" என்றேன். "இண்டைக்கு என்ன சமையல்?"

"என்ன?"

"இண்டைக்கு என்ன சமையலெண்டு கேக்கிறன்."

"உங்களுக்கென்ன விசரோ?"

"ஓம் ஐயா, கொஞ்சம் இருக்கு" என்று சொல்லி வைத்தேன். பத்து நிமிடத்துக்குள் சிஸ்டர் எடுத்தார், பூசணிக்காய் என்று சொல்லிவிட்டு, தனக்கும் அதே அழைப்பு வந்தது என்றார். சட்டத்தரணிக்கும் வந்திருந்தது. சார்ஜன்டுக்கு எடுக்க மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. முந்திய வாரமாக இருந்திருந்தால் எங்களில் ஒருவராவது நம்பியிருப்போம், மற்றவரிடம் கேட்டும் இருக்க மாட்டோம்.

வியாழக்கிழமை காலை ஓட்டோவில் அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் முழுச் சீருடையில் சார்ஜன்ட். அளுத்கடை நீதிமன்றம் போய்ச் சேரும்வரை எந்தச் சாவடியிலும் எங்களை நிற்பாட்டவில்லை. சிஸ்டரும் சட்டத்தரணியும் வாசலில் நின்றார்கள். அவன் மெல்லிய வெள்ளைச் சட்டையில், திருநீற்றோடு, மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தான். எங்களைக் கண்டதும் அவன் முகம் மாறியதை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

அவனுக்காகப் பேசியவர் கெட்டிக்காரர். அடித்ததைப் பற்றி அதிகம் பேசவில்லை. "வடக்கிலிருந்து வந்த பெண். கையில் அடையாள அட்டை இல்லை. இரண்டு வாரம் எங்கே, யாரோடு இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. இன்றைய நிலைமையில் இது யோசிக்க வேண்டிய விஷயம்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது அவளுடைய விரல்கள் என் கைக்குள் குளிர்ந்து போயின. அந்த நாட்களில் அந்த ஒரு சந்தேகம் போதும், ஒரு ஆளை உள்ளே போட. பெண்டாட்டி வீட்டுக்கு வராவிட்டால் மறியலுக்குப் போகட்டும் என்று நினைத்திருக்கிறான்.

சார்ஜன்ட் எழும்பினார். நாலு மடிப்போடு இருந்த அந்தப் படிவத்தை விரித்து, எங்கள் சட்டத்தரணி மூலமாக மேலே கொடுத்தார். நீதவான் முத்திரையைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், இலக்கத்தைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கச் சட்டத்தரணியை நிமிர்ந்து பார்த்து, "பொலிசுக்குத் தெரிந்திருக்கிறதே" என்றார். என் வாழ்க்கையில் அந்தப் படிவத்தை நான் விரும்பியது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை தருவதாகச் சொல்லிவிட்டு, அட்டை எங்கே என்று நீதவான் கேட்டார். வீட்டில் எங்கேயோ இருக்கும், தேட வேண்டும் என்றான் அவன், பணிவாக.

அவள் என் கையை விட்டுவிட்டு எழும்பினாள். யாரும் அவளை எழும்பச் சொல்லவில்லை.

"அவற்றை சேர்ட் பொக்கற்றில இருக்கு" என்றாள். பாலர் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரல்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் எல்லோருடைய கண்ணும் அந்தப் பைக்குப் போய்விட்டது. மெல்லிய வெள்ளைத் துணிக்குள் அட்டையின் ஓரம் நன்றாகத் தெரிந்தது. அவன் ஒன்றை எடுத்தான். "இது என்னுடையது" என்றான். "மற்றது" என்றார் நீதவான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்று வருடப் பழக்கம், கோர்ட்டுக்கு வரும்போதுகூட அவளுடைய அட்டையைக் கழற்றி வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. அவன் மற்ற அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தான். அவள் அதைப் போய் எடுத்தாள். அதிலிருந்த இலக்கத்தை வாய்க்குள் ஒருமுறை படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.

எங்கள் புதன்கிழமை மேசை யுத்தம் முடிந்த பிறகும் நடந்தது. அந்த ஒரே கொப்பி ஏழாவது கொப்பியாகியது. அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரையும் தொலைக்கவில்லை. என் மகளுக்கும் வீட்டில், அம்மா நிற்கிறா என்று சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அட்டையை மீட்டவள் வவுனியாவுக்குத் திரும்பவில்லை. பாமன்கடையிலேயே ஒரு பாலர் பாடசாலையில் சேர்ந்தாள். இடியப்பக் கடையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்று, சொதி கூட விடச் சொல்லி என்னைவிட மோசமாகச் சண்டை பிடித்தாள்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது அந்த வியாழக்கிழமை மத்தியானம்தான். சார்ஜன்டுக்கு நிலையத்தில் வேலை இருந்ததால் திரும்பி வரும்போது எங்களோடு வரவில்லை. ஓட்டோவில் நாங்கள் இரண்டு பேரும்தான். காலி வீதியில் ஒரு சாவடியில் கையைக் காட்டி மறித்தார்கள். எனக்கு வழக்கம்போல எரிச்சல் ஏறியது. வெயிலில் நின்று களைத்த ஒரு ஆமிக்காரப் பொடியன் குனிந்து, "ஐடென்டி" என்றான். நான் பையைத் துழாவி முடிப்பதற்குள் அவள் அட்டையை நீட்டிவிட்டாள். கையை முழுதாக நீட்டி, பரிசு வாங்கியதைக் காட்டுகிற பிள்ளை போல. அவன் ஏனோதானோ என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனான். அவள் வாங்கவில்லை.

அவளுக்குச் சிங்களத்தில் பத்துச் சொல்கூடத் தெரியாது. தெரிந்ததை எல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

"ஹொந்தட்ட பலன்ன." வடிவாகப் பாருங்கோ.

அவன் திகைத்துப்போய்த் திரும்பவும் பார்த்தான். படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இலக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "ஹரி" என்று தலையாட்டினான். சரியாம். அதற்குப் பிறகுதான் அவள் அட்டையை வாங்கினாள்.